எழுதினதை யார் படித்தார்கள்? – தருமபுரியின் பதிவேடுகளும் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தியோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். சித்தி கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் ‘நர்சம்மா’ என்றால் அவர்தான். “இப்பல்லாம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடறாங்களே சித்தி, உங்க காலத்து நோட்டுத் தொல்லை இல்லையே” என்று சும்மா கேட்டு வைத்தேன். சித்தி சிரித்துவிட்டார். “நோட்டும் இருக்குது, டேபும் இருக்குது கண்ணு. நோட்டுல எழுதினா என்ன, டேப்ல எழுதினா என்ன? எழுதினத யாராச்சும் படிச்சாங்களான்னு கேளு.”

நான் இருபது வருஷத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். அதில் சில வருஷங்கள் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர். மருத்துவப் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் சிகிச்சையின் தரம் கூடுமா என்ற கேள்வி அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த விஷயத்தில் கிடைக்கிற கட்டுரைகளில் முக்கால்வாசி அமெரிக்க ஆஸ்பத்திரிகளைப் பற்றியவை. சித்தி சொன்னதற்குப் பிறகுதான் எங்கள் மாவட்டத்தின் கதையைத் தோண்டிப் பார்க்கத் தோன்றியது. தோண்டினால், இந்தக் கேள்விக்கு நான் படித்ததிலேயே தெளிவான பதில் இங்கே இருக்கிறது. அதுவும் ஒரு காகிதப் பதிவேட்டில்.

இரண்டு வார்த்தைகள்

தருமபுரி 1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரி அதிலிருந்து தனியானது 2004ல்தான். ஆகவே 1990களைப் பற்றிப் பேசும்போது ‘தருமபுரி’ என்றால் ஓசூர் முதல் அரூர் வரை இரண்டு மாவட்டத்தையும் சேர்த்துத்தான்.

அந்தக் காலத்துத் தருமபுரிக்கு வெளியூரில் ஒரு கெட்ட பெயர் இருந்தது. பெண் சிசுக்கொலை. 1986ல் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றி எழுதியபோது நாடே அதிர்ந்தது. அதைப் படித்தவர்கள் பலரும் இது ஏதோ ஒரு வட்டாரத்தின், ஒரு சாதியின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோதுதான் மேற்கிலும் பிரச்சினை இருப்பது அரசாங்கத்தின் வாயாலேயே வெளியே வந்தது. ஆனால் எவ்வளவு, எங்கெங்கே என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. இப்படி ஒரு விஷயத்துக்குக் கணக்கு எப்படி இருக்கும்? குடும்பம் சொல்லாது, ஊரும் சொல்லாது. குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டால் அதற்கு டாக்டர் சர்ட்டிஃபிகேட் எல்லாம் கிடையாது.

ஆனால் கணக்கு இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் அலமாரிகளில்.

கிராம சுகாதாரச் செவிலியரின் வேலையே அதுதான். தன் பொறுப்பில் உள்ள ஊர்களில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எத்தனையாவது பிரசவம், எங்கே நடந்தது, ஆணா பெண்ணா, குழந்தை இருக்கிறதா, இறந்திருந்தால் எத்தனையாவது நாள், என்ன காரணம் என்று வீடு வீடாகப் போய் எழுத வேண்டும். அந்தக் காரணங்களில் ஒன்றாக ‘சமூகக் காரணங்கள்’ என்ற இரண்டு வார்த்தைகள் வழக்கத்துக்கு வந்தன. வயிற்றுப்போக்கு, நிமோனியா, எடைக் குறைவு என்று போகிற பட்டியலில் இதுவும் ஒரு வரி. அதன் அர்த்தம் எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்கி வைக்கிறவருக்கும் தெரியும்.

ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வெ. பா. ஆத்ரேயா என்ற பொருளியலாளரும் இந்த ஆரம்ப சுகாதார நிலையப் பதிவுகளை மாநிலம் முழுவதற்கும் எடுத்துத் தொகுத்தார்கள். 1997ல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் கட்டுரை வந்தது. உசிலம்பட்டி மட்டும் அல்ல, தருமபுரி, சேலத்திலிருந்து மதுரைப் பக்கம் வரை ஒரு பட்டையாக இது நீள்கிறது என்பது அந்தப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மாவட்ட அளவில் மட்டுமில்லை, எந்த ஒன்றியத்தில் அதிகம் என்ற அளவுக்குக் கீழே இறங்கிப் பார்க்க முடிந்தது.

செவிலியர்கள் எழுதியதை எப்படி நம்புவது? இதற்கு அந்தப் பதிவேட்டுக்குள்ளேயே ஒரு சோதனை உண்டு. உலகம் முழுக்க முதல் மாதத்தில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள்தான் அதிகம் இறக்கும். அது உடற்கூறு. அது தலைகீழாகி, முதல் சில நாட்களில் பெண் குழந்தைகள் அதிகம் இறந்தால், காரணம் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். ஏற்கனவே ஒன்றோ இரண்டோ பெண் குழந்தைகள் உள்ள வீட்டில் அடுத்ததும் பெண்ணாகப் பிறக்கும்போதுதான் ஆபத்து அதிகம் என்பதும் பிரசவ வரிசை எழுதிய கட்டத்திலிருந்து தெரிந்தது.

இங்கேதான் பதிவேடு சிகிச்சையாக மாறுகிறது. எந்த ஊர், எந்த மாதிரி வீடு என்று தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்திலேயே அந்த வீட்டுக்குப் போகலாம். டென்மார்க்கின் டானிடா உதவியில் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ் தருமபுரியில் 1997லிருந்து அப்படி ஒரு முயற்சி நடந்தது. கலைப்பயணம் என்று வீதி நாடகக் குழுக்கள் கிராமம் கிராமமாகப் போயின. ஆபத்து அதிகமுள்ள வீடுகளைச் செவிலியர்கள் பின்தொடர்ந்தார்கள். அதே இரண்டு ஆசிரியர்கள் 2000 டிசம்பரில் அதே இதழில் ‘தருமபுரியில் சமூக அணிதிரட்டல், 1997-99’ என்று அந்த அனுபவத்தை எழுதினார்கள். பதிவான மரணங்கள் குறைந்திருந்தன.

எல்லாம் சுபம் என்று இங்கே முடித்துவிட முடியாது. ஸ்கேன் சென்டர்கள் பெருகிய காலம் அது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டாலும், பிறந்த பிறகு நடந்தது பிறப்பதற்கு முன்னால் போய்விடுகிற அபாயம் இருந்தது. கிராமத்துப் பதிவேட்டில் அது ‘கருக்கலைப்பு’ என்று ஒரு வரியாக விழும், அல்லது விழவே விழாது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டுச் சராசரி 942 பெண் குழந்தைகள். தருமபுரி அதைவிட வெகு கீழே இருந்தது. 2011ல் தருமபுரி 900ஐத் தாண்டியது. மாநிலச் சராசரி 943 என்று கிட்டத்தட்ட அப்படியே நின்றது. இந்த ஏற்றத்துக்குப் பதிவேடு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதிவேடு இல்லாமல் யாரும் எங்கேயும் போயிருக்க முடியாது.

ஒரு கட்டத்தின் வடிவமைப்பு

சாஃப்ட்வேர்க்காரன் கண்ணோடு அந்த ‘சமூகக் காரணங்கள்’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். டேட்டாபேஸ் வடிவமைப்பில் இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலாவது, அது எழுதக்கூடிய வார்த்தை. ‘கொலை’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தால் எந்தச் செவிலியரும் நிரப்பியிருக்க மாட்டார். அவர் அந்த ஊரிலேயே, அந்தச் சனங்களோடே இருக்கிறவர். நாளைக்குத் தடுப்பூசி போட அதே வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். கேஸ் ஆகிவிடும் என்று தெரிந்தால் கை தானாக ‘எடைக் குறைவு’ என்றுதான் எழுதும். மழுப்பலான அந்த வார்த்தைதான் உண்மையை எழுத இடம் கொடுத்தது.

இரண்டாவது, அது தனியாக நிற்கவில்லை. பக்கத்திலேயே எத்தனை பிரசவம், ஆணா பெண்ணா, எத்தனையாவது நாள் என்ற கட்டங்கள் இருந்தன. ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, எழுதியதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் திரும்பி வந்தார். சித்தி கேட்டது இதைத்தான்.

இதற்கு நேரெதிராக நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எங்கள் குழு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தது. அதில் ‘இறப்புக் காரணம்’ என்ற திரையை எழுதியவன் நான். கட்டாயம் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் பில் போடவே முடியாது என்று வைத்தேன். காரணங்களை ஆங்கில அகர வரிசையில் ஒரு நீளமான லிஸ்டாகக் கொடுத்தேன். ஆறு மாசம் கழித்து ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால், லிஸ்டின் மேல்பக்கத்தில் இருந்த ‘கார்டியாக் அரெஸ்ட்’தான் எங்கே பார்த்தாலும். உலகத்தில் யார் இறந்தாலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அது காரணமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு நிற்க, பில் போட்டு உடலை அனுப்ப வேண்டிய டியூட்டி டாக்டர் லிஸ்டின் அடிவரை போய்த் தேடுவாரா? தப்பு அவர் மேல் இல்லை, என் மேல். கட்டம் நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. மேனேஜர் பாராட்டினார்கூட. சொன்ன விஷயம் பூஜ்யம்.

பாஸ்டன், இண்டியானாபொலிஸ், பிட்ஸ்பர்க்

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியது இல்லை. ஆஸ்பத்திரிகளின் பதிவுகளைத் தேடிப் போனால் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுகிற மாதிரி எதுவுமே கிடைப்பதில்லை என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860களிலேயே எழுதிவிட்டார். செலவழித்த பணத்தால் நோயாளிக்கு நன்மை வந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் பதிவு வேண்டும் என்பது அவர் வாதம்.

அதற்கு ஐம்பது வருஷத்துக்குப் பிறகு பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். என்ன நோய், என்ன செய்தோம், ஒரு வருஷம் கழித்து ஆள் எப்படி இருக்கிறார், சரியில்லையென்றால் யார் தப்பு. தன் சொந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன 337 பேரின் முடிவுகளையும், அதில் நடந்த 123 தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். தன் தவறுகளையும் சேர்த்துத்தான். சக டாக்டர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். சங்கடமான கட்டத்தை நிரப்பியவருக்குக் கிடைத்த பரிசு.

கம்ப்யூட்டர் வந்த பிறகு நடந்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது 1976ல் வெளியானது. இண்டியானாபொலிஸில் கிளெமென்ட் மெக்டொனால்ட் என்பவர் செய்தது. நோயாளியின் பதிவைப் பார்த்து, ‘இந்த மருந்து தருகிறீர்கள், இந்தப் பரிசோதனை பார்த்து நாளாகிவிட்டது’ என்று டாக்டருக்கு ஒரு காகிதத்தில் நினைவூட்டல் அச்சடித்துக் கொடுக்கும் புரோகிராம். நினைவூட்டல் வந்தபோது கவனிக்க வேண்டியவற்றில் 51 சதவீதத்தை டாக்டர்கள் கவனித்தார்கள். வராதபோது 22 சதவீதம். அவருடைய முடிவு என்னவென்றால், டாக்டர்களுக்குத் தெரியாமல் விட்டுப்போவதில்லை. ஒரு மனுஷ மூளையால் அத்தனையையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்க முடியாது. இதைக் கம்ப்யூட்டர் செய்யலாம். நன்றாகவே செய்யும். இதிலும் ஒன்று பாருங்கள். பதிவு அலமாரிக்குப் போகாமல் நோயாளி எதிரில் இருக்கும் அந்த நிமிஷத்தில் டாக்டரிடம் திரும்பி வந்தது. அதனால்தான் பலித்தது.

இதே தொழில்நுட்பம் எப்படிக் கவிழும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் 2002 அக்டோபரில், ஆறே நாளில், மருந்து உத்தரவுகள் முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளின் இறப்பு, அதற்கு முன் 2.80 சதவீதமாக இருந்தது, பின் 6.57 சதவீதம் ஆனது என்று அங்கே பணிபுரிந்த டாக்டர்களே 2005ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

என்ன ஆயிற்று? முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே போனில் விவரம் கேட்டு, மருந்தை எழுதித் தயாராக வைத்துவிடுவார்கள். புதிய முறையில் குழந்தை நேரில் வந்து, பதிவாகி, எண் வந்த பிறகுதான் உத்தரவே போட முடியும். வார்டில் இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்குப் போயின. குழந்தையின் பக்கத்தில் நிற்க வேண்டிய ஒருவர் கீபோர்டு பக்கத்தில் நின்றார்.

இதைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. அதே சாஃப்ட்வேரை சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை போட்டபோது இறப்பு கூடவில்லை. அவர்கள் பிட்ஸ்பர்க்கின் அனுபவத்தைக் கேட்டறிந்து, அவசர நேரத்துக்கான உத்தரவுகளை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டின் குழந்தைகள் மருத்துவமனையில் இறப்பு குறைந்தது என்று 2010ல் கட்டுரை வந்தது. ஆக, சாஃப்ட்வேரின் பெயரைச் சொன்னால் மட்டும் விடை தெரியாது. அதைச் சுற்றி வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

2014 நவம்பர்

பிட்ஸ்பர்க் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். கல்லூரி 2008ல் தொடங்கியது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எங்கே பிரச்சினை என்றாலும் “தருமபுரிக்கு ரெஃபர் பண்ணிட்டாங்க” என்பதுதான் வழக்கம். 2014 நவம்பரில் சில நாட்களுக்குள் அங்கே பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தேசியச் செய்தியானது. அமைச்சர், அதிகாரிகள், நிபுணர் குழு எல்லாம் வந்தார்கள். குறைமாதம், எடைக் குறைவு, பிறக்கும்போது மூச்சுத்திணறல் என்பவை அரசு சொன்ன காரணங்கள். சில குழந்தைகள் வேறு இடங்களில் பிறந்து மோசமான நிலையில் கொண்டுவரப்பட்டவை என்றும் சொல்லப்பட்டது. எதிர்க்கட்சிகள் ஆளும் கட்சியையும், சனங்கள் டாக்டர்களையும் திட்டினார்கள்.

நான் அப்போது வேறு ஊரில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். எனக்குத் தோன்றிய கேள்வி ஒன்றுதான். அரூரில் பிறந்த குழந்தை நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறது. வரும்போது அதோடு என்ன தாள் வருகிறது?

பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு என்று அரசு மருத்துவமனைகளில் தனிப் பிரிவு உண்டு. அங்கே சேர்க்கும் குழந்தைகளை, இங்கேயே பிறந்தது, வெளியே பிறந்தது என்று இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். சேரும்போது எடை எவ்வளவு, உடம்புச் சூடு எவ்வளவு என்றும் எழுதுவார்கள். இந்தச் சூடு எழுதும் கட்டம் சாதாரணமானது இல்லை. குறைமாதக் குழந்தை வழியில் சில்லிட்டுப் போனால் பிழைப்பது கஷ்டம். அம்மாவின் நெஞ்சோடு தோல் படக் கட்டிக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் சூடு நிற்கும், மெஷின் எதுவும் வேண்டாம். ஆகவே, குழந்தை வந்து சேர்ந்தபோது உடம்பு சில்லென்று இருந்தது என்று எழுதினால், அது அந்தக் குழந்தையைப் பற்றிய தகவல் மட்டும் இல்லை. அனுப்பிய இடத்தைப் பற்றியும், வந்த வண்டியைப் பற்றியும் சொல்கிற தகவல்.

இதுவும் ‘சமூகக் காரணங்கள்’ மாதிரி ஒரு சங்கடமான கட்டம்தான். எழுதுவது ஒருவர், பதில் சொல்ல வேண்டியது இன்னொருவர். இப்போது இந்தப் பிரிவுகளின் விவரங்கள் நாடு முழுக்க ஆன்லைனில் ஏறுகின்றன. மாநிலத் தலைநகரில் உட்கார்ந்து எந்த மாவட்டத்தில் எத்தனை சேர்க்கை, எத்தனை இறப்பு என்று பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் மேலே போகிற வழியை மட்டும் போட்டுவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோம். அரூரிலோ பென்னாகரத்திலோ குழந்தையை அனுப்பிய நர்ஸுக்கு, ‘நீங்கள் போன மாதம் அனுப்பிய குழந்தைகளில் இத்தனை பேர் சில்லிட்டுப் போய் வந்தார்கள், இத்தனை பேர் பிழைத்தார்கள்’ என்று ஒரு வரி திரும்பிப் போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு இது ஒரு நிமிஷ வேலை. காகிதத்தில் இது கிட்டத்தட்ட முடியாத காரியம். மின்னணுப் பதிவுக்காக யாராவது என்னிடம் வாதாடச் சொன்னால் நான் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

தாய்வீட்டுக்குப் போகும் பதிவு

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான மின்னணுப் பதிவு 2000களின் கடைசியிலேயே வந்துவிட்டது. ‘பிக்மி’ என்றால் இன்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். நர்சம்மா பதிந்தால் 12 இலக்க எண் வரும். 2017லிருந்து பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும் என்றானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவித்தொகைக்கும் அதுதான் ஆதாரம். தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்க்கிறவர்கள்கூட இதனால் அரசுக் கணக்குக்குள் வந்தார்கள். இது பெரிய விஷயம். யார் விட்டுப்போனார்கள் என்று தெரியாமல் யாரைத் தேடிப் போவது?

இதன் உண்மையான சோதனை தலைப்பிரசவத்தில் வருகிறது. நம் வழக்கத்தில் பெண் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போவாள். ஆறு மாசம் பார்த்தது ஒரு நர்ஸ், பிரசவம் பார்ப்பது இன்னொரு ஊர், குழந்தைக்குத் தடுப்பூசி மறுபடி பழைய ஊர். தருமபுரிக்காரர்களில் பாதிப்பேர் பிழைப்புக்கு பெங்களூரு, திருப்பூர் போனவர்கள். பெங்களூரில் ‘தாயி’ கார்டு போட்டு, எட்டாம் மாசம் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வருகிறாள். காகிதக் காலத்தில் அவள் மஞ்சள் பையில் கொண்டுவந்த அட்டைதான் பாலம். அட்டை தொலைந்தால் ரத்த அழுத்தம் ஐந்தாம் மாசமே ஏறியிருந்தது என்பதும் தொலைந்தது. எண் கூடவே வந்தால் அந்தத் தகவலும் வர வேண்டும். வருகிற இடத்தில் ஒரு உயிர், சில சமயம் இரண்டு உயிர், காப்பாற்றப்படும்.

ஆனால் எண் வருவதும் தகவல் வருவதும் ஒன்றில்லை. எண் சான்றிதழுக்காக, பணத்துக்காக என்று ஆகிவிட்டால், எண் வந்ததோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் இரண்டு பக்கமும் வந்துவிடுகிறது. பி.பி. கட்டம் காலியாக இருந்தால் திரை நகராது என்றால், அளக்க நேரமில்லாத நாளில் 120/80 என்று விழும். எந்த ஊர் டேட்டாவைத் திறந்தாலும் 120, 130, 80, 90 என்று உருண்டையான எண்கள் குவிந்திருப்பதை இந்தத் துறையில் வேலை செய்த எவரும் பார்த்திருப்பார்கள். எந்த மனுஷக் கூட்டத்தின் ரத்தமும் அப்படி ஓடாது. நோட்டிலும் எழுதி டேபிலும் ஏற்றும் செவிலியருக்கு, இரண்டாவது தடவை எழுதும்போது கண் எதிரில் நோயாளி இருக்க மாட்டார். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஏற்றுவது பதிவு இல்லை, நகல்.

இப்போது 14 இலக்க ‘ஆபா’ எண், வாசலில் க்யூஆர் ஸ்கேன் செய்தால் ஓ.பி. சீட்டு என்று அடுத்த கட்டம் நடக்கிறது. வரிசை குறைவது வயசானவர்களுக்கு நிஜமான உதவி. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எத்தனை எண்கள் உருவாக்கினோம், எத்தனை பதிவுகள் இணைத்தோம் என்பதை மட்டும் சாதனையாகச் சொல்லும்போதுதான் எனக்கு என் பழைய ‘கார்டியாக் அரெஸ்ட்’ லிஸ்ட் ஞாபகம் வருகிறது. அதுவும் நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது.

சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம்

கடைசியாக சிட்லிங்கி. கல்வராயனும் சித்தேரியும் சூழ்ந்த பள்ளத்தாக்கு. 1993ல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி அங்கே போய் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த 1000 குழந்தைகளில் 147 முதல் வருஷத்துக்குள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தை எடை ஏறவில்லை என்று ஊருக்குள்ளேயே பார்த்து, எழுதி, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசினார்கள். அந்த எண் வருஷத்துக்கு வருஷம் இறங்கியது.

147 என்ற எண்ணை நான் முதலில் படித்தபோது அதன் கொடுமைதான் கண்ணில் பட்டது. பிறகுதான் இன்னொன்று உறைத்தது. மலைக்கு அந்தப் பக்கம், ரோடு இல்லாத ஊரில், இறந்த குழந்தைகளை ஒருவர் வீடு வீடாகப் போய் எண்ணியிருக்கிறார். எண்ணிய பிறகு அங்கேயே தங்கியிருக்கிறார்.

இந்த ஆராய்ச்சிக் குறிப்பிலிருந்து என் தொழிலுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். இனி ஆஸ்பத்திரிக்கு எந்தத் திரை வடிவமைத்தாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக இரண்டு கேள்வி எழுதி வைக்கிறேன். இதை உண்மையாக நிரப்பினால் யாருக்குச் சங்கடம்? நிரப்பிய பிறகு இது எத்தனை நாளில், யாரிடம் திரும்பிப் போகும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி வாதாடுகிறேன். பாதி நேரம் தோற்றுப்போகிறேன்.

ஊரிலிருந்து கிளம்பும்போது சித்தியிடம் அந்தப் பழைய பதிவேடுகளைப் பற்றிக் கட்டுரை வந்தது, டில்லி வரைக்கும் படித்தார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “படிச்சாங்களா? சரி” என்று சொல்லிவிட்டு, பையில் நிலக்கடலையைப் போட்டுக் கட்டிக்கொடுத்தார்.